கடைசி நாள் முத்திரை

ரணதீர் என்ற நாசகாரிப் போர்க்கப்பலை உடைத்து இரும்புக்குப் போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு, ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சங்குமுனை மீன் ஏலத்தில் கிடந்த ஒரு சீலா மீனின் விலாவில் அந்தக் கப்பலின் தபால் முத்திரை விழுந்திருந்தது. இரட்டை வட்டம், மேல் வளைவில் கப்பலின் பெயர், கீழ் வளைவில் கப்பல் தபால் என்ற எழுத்து, நடுவில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி. ஏலம் கூறிய மிக்கேல், மீன்வளத்துறையில் புதிதாகத் தரச்சான்று கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் போல என்று நினைத்து அதையே சொல்லி ஏலம் விட்டார். எடுத்தவர் வீட்டில் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். முத்திரை விழுந்த துண்டில் கொஞ்சம் மை வாசம் அடித்ததே தவிர மற்றபடி மீன் நன்றாகவே இருந்தது. எங்கள் ஊரில் இந்த மாதிரி விஷயத்துக்கு யாரும் வாயைப் பிளப்பதில்லை. அந்த வாரம் அவ்வளவு பெரிய சீலா கிடைத்ததுதான் அன்றைக்குப் பேச்சாக இருந்தது.

வாயைப் பிளந்தவர் ஒரே ஒருவர். அவர் உப்புக் கம்பெனியில் எடைக் குமாஸ்தாவாக இருந்த தொபியாஸ் மொத்தா. செய்தி கேட்டு, போட்ட செருப்பில் ஒன்றை வழியில் விட்டுவிட்டு ஓடி வந்தவர், அந்த வீட்டு வாசலில் நின்று மீனின் முள்ளையாவது கொடுங்கள் என்று கெஞ்சி, இலையில் மடித்து வாங்கிக்கொண்டு போனார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தபால்தலை சேகரிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவர்கள் பாவம், சாதாரணப் பைத்தியங்கள். தொபியாஸ் சேகரித்தது தபால் உறைகளை, அதிலும் ரணதீர் கப்பலின் தபால் அறையில் முத்திரை குத்தப்பட்ட உறைகளை மட்டும். இரண்டு சண்டைகளில் பேர் வாங்கிய கப்பல் அது. அது போன துறைமுகம் ஒவ்வொன்றிலும், கொண்டாடிய நாள் ஒவ்வொன்றிலும் குத்திய முத்திரை அவரிடம் இருந்தது, மொத்தம் இருநூற்றுப் பதினோரு உறைகள், பாச்சை உருண்டை போட்ட ஒன்பது ஆல்பங்களில். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கப்பலின் கொடியை இறக்கிய கடைசி நாள் முத்திரை. அன்றைக்குக் கப்பலில் இருந்த குழப்பத்தில் குத்தின உறைகளெல்லாம் மை ஊறிக் கறுத்துப் போய்விட்டன என்றும், உலகத்தில் எவனிடமும் ஒரு தெளிவான கடைசி நாள் முத்திரை கிடையாது என்றும் அவரே எல்லோரிடமும் சொல்வார்.

அவருக்கு இந்த உறைகள் எப்படி வந்தன என்பதில்தான் எங்கள் ஊருக்கு அவர்மேல் உள்ள கோபமும் இருக்கிறது. அவர் மனைவி செலஸ்தீனாளின் தம்பி இன்னாசி, ரணதீரில் சமையல்காரன். தாய் தகப்பன் இல்லாத பையனை அக்காள்தான் வளர்த்தாள். அவன் வாரம் தவறாமல் அக்காளுக்குக் கடிதம் எழுதுவான். தொபியாஸ் உறையின் ஓரத்தைச் சவரப் பிளேடால் நூல் பிடித்த மாதிரி அறுத்து, கடிதத்தை எடுத்து மனைவியிடம் நீட்டிவிட்டு உறையோடு உள்ளே போய்விடுவார். கப்பலை ஓய்வுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்த சமயத்தில் ஒரு உறை வந்தது. அதில் முத்திரை விழுந்திருந்த அழகைப் பார்த்துவிட்டு மனிதருக்குப் பிளேடை வைக்க மனம் வரவில்லை. சேகரிக்கிறவர்கள் வட்டாரத்தில் பிரிக்காத உறைக்குத் தனி மதிப்பு. அதனால் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, “இந்த வாரம் காயிதம் இல்ல” என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் தந்தி வந்தது. இன்னாசி எங்கோ தூரத்துத் துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றில் அறுவை செய்தும் பிழைக்காமல், பக்கத்தில் ஒரு ஆளில்லாமல் செத்துப் போயிருந்தான். காரியமெல்லாம் முடிந்து அலமாரியைத் துடைக்கும்போது செலஸ்தீனாள் அந்த உறையைக் கண்டாள். முத்திரையின் நட்டநடு வழியாக அதைக் கிழித்தாள், உள்ளே இருந்ததைப் படித்தாள், படித்ததை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவின் மேற்குக் கடைசியில் பூட்டிக் கிடந்த தம்பி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். தொபியாஸ் அந்த வாரம் முழுக்க அழுதார், ஆனால் அவர் அழுதது கிழிந்த முத்திரைக்காக என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

மீனுக்கு அடுத்த நாள் முத்திரை ஏட்டையாவின் காக்கிக் கால்சட்டையில், உட்காருகிற இடத்தில் விழுந்தது. தேதி ஒரு நாள் கூடியிருந்தது. தொபியாஸ் பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரமும் ஏட்டையா ஸ்டேஷன் வாசலில் மேலே பார்த்தபடி அசையாமல் நின்றார். மூன்றாம் நாள் ரோசம்மாளின் வெள்ளாட்டின் மேல். அதற்குள் தொபியாஸ் கணக்குப் போட்டுவிட்டார். கப்பலின் கடைசி முப்பது நாட்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன, முப்பதாம் நாள் சங்குமுனையில் எதன் மேலோ கடைசி நாள் முத்திரை விழப்போகிறது.

எங்களுக்கு அந்த ஆடுதான் பிரச்சினை. ரோசம்மாள் அதைப் பால் கறக்கப் போனபோது போஸ்ட்மாஸ்டர் தங்கபுஷ்பம் வந்து தடுத்தார். சட்டம் என்றால் சாப்பாட்டைக்கூட ஒத்திப்போடுகிற பெண்மணி அவர்.

“முத்திர குத்திட்டா அது தபால்ல இருக்குன்னு அர்த்தம். தபால்ல இருக்கத யாரும் கறக்கக் கூடாது.”

“ஏ, என் ஆடு தாயி இது!”

“நேத்து வரைக்கும் உங்க ஆடு. இப்ப இது போய்ச் சேர வேண்டிய சாமான். நயினாரு, கயித்தப் பிடியும்.”

தபால்காரர் ஆறுமுகநயினார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எங்கன்னு சொல்லுங்க, போறேன்” என்றார். விலாசம் எங்கேயும் இல்லை. வாலைத் தூக்கியும் பார்த்தார்கள். கூட்டத்தில் எல்லோரும் ரோசம்மாளின் நாத்தனார் வீட்டைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்த ஆட்டின் தாயை நாத்தனார் ஒரு மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதும், மழைக்காலம் முடிந்தபின் ரோசம்மாள் அதை மறந்துபோனதும் ஊருக்கே தெரியும். நயினார் போய் நாத்தனார் கையில் கயிற்றைக் கொடுத்த மாத்திரத்தில் ஆட்டின் முதுகிலிருந்த முத்திரை நீர்க்கோலம் காய்கிற மாதிரி மங்கி மறைந்தது. தங்கபுஷ்பம் பதிவேட்டில் சேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து ஊருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. விடிந்ததும் எழுந்து, அன்றைய முத்திரை எதில் விழுந்திருக்கிறது என்று தேட வேண்டியது, கண்டுபிடித்ததைத் தபாலாபீஸ் வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டியது, அது யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று பதினோரு மணி வரைக்கும் சண்டை போட வேண்டியது, பிறகு நயினாரோடு ஊர்வலமாகப் போய்க் கொடுத்துவிட்டு முத்திரை மங்குகிறதா என்று மூச்சைப் பிடித்துப் பார்க்க வேண்டியது. ஒரு ஏணி பதினோரு வீடு ஏறி இறங்கிக் கடைசியில் அதைச் செய்த ஆசாரியிடமே போய் மங்கியது. டீக்கடை ஒலிபெருக்கிக் குழாயில் விழுந்த முத்திரை, பக்கத்து வீட்டில் நான்கு வருஷமாகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த நோயாளி வாத்தியார் கையில் மங்கியது. அவர் அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். கோயில் சாமியாரின் நாற்காலியில் விழுந்தபோது சாமியார், பிஷப்பான மேற்றிராணியாருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று வாதாடினார், ஆனால் முப்பது வருஷமாகப் பூசையில் சாமியாருக்கு உதவியாக நின்றுகொண்டே இருந்த கோயில்பிள்ளை அதில் உட்கார்ந்ததும் முத்திரை போய்விட்டது. கோயில்பிள்ளை எழுந்திருக்கவில்லை, அடுத்த பூசைக்கு மணியை உட்கார்ந்தபடியே அடித்தார்.

இரண்டாவது வாரத்தில் எங்களுக்குப் பயம் பிடித்தது. யார் வீட்டில் யாருடைய அண்டா, யாருடைய அம்மிக்குழவி, யாருடைய பெட்ஷீட் இருக்கிறது என்று ஊரறிய வெளியே வருவதற்குள் நாமே கொடுத்துவிடுவோம் என்று, தெருவில் பட்டப்பகலில் ஆட்கள் பாத்திரங்களோடு எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். என் வீட்டிலிருந்தும் ஒரு தேங்காய்த் துருவி போயிற்று, அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குத் திரும்பி வந்தவற்றில் ஒரு இட்லிக் கொப்பரையை நாங்கள் மறந்தே போயிருந்தோம். அந்த முப்பது நாளில் சங்குமுனையில் இருந்த அளவுக்கு நேர்மை முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

தொபியாஸ் மட்டும் தவியாய்த் தவித்தார். ஒவ்வொரு முத்திரையும் அவர் கண்ணெதிரிலேயே மங்கி மறைந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பத்திடம் போய், எல்லாச் சாமானையும் தன் விலாசத்துக்கே கொண்டுவரும்படி மனுக் கொடுத்தார். ஒரு நாள் ஏணியைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். அது அவர் வீட்டில் ஒரு பொழுது முழுக்க இருந்தும் முத்திரை மங்கவே இல்லை.

“மங்கலைன்னா அது உம்ம சாமான் இல்லைன்னு அர்த்தம் வே” என்றார் மிக்கேல்.

“மங்காம இருக்கதனாலதான் அது என் சாமான்” என்றார் தொபியாஸ்.

மிக்கேல் ஏணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

முப்பதாம் நாளுக்கு முந்தின நாள், தொபியாஸ் முந்நூறு வெள்ளை உறைகள் வாங்கி, முத்திரை சிதறாமல் விழ ஒவ்வொன்றுக்குள்ளும் கெட்டி அட்டை செருகி, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வைத்தார். கூரைகளில், படகுகளின் முன்பக்க அணியங்களில், கொடிமரத்து அடியில், உப்புக் குவியல்களின் மேல், ஆடுகளின் கழுத்தில். நாங்களும் கோபத்தை மறந்து கொஞ்சம் உதவி செய்தோம், ஏனென்றால் ஒரு மனிதன் அவ்வளவு ஆசைப்படுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது. விடிந்து பார்த்தால் முந்நூறு உறையும் வெள்ளையாகவே இருந்தன. ஊரில் ஒரு பொருள் விடாமல் புரட்டினோம். பத்து மணிக்கு, வேர்த்து விறுவிறுத்து, அழுகை முட்டிய முகத்தோடு தொபியாஸ் தெருக் குழாயடியில் சட்டையைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

பின்னால் வந்துகொண்டிருந்த நயினார் சைக்கிளைக் கீழே போட்டார்.

“அண்ணாச்சி, அசையாதீங்க. முதுகுல இருக்கு.”

சவரக்கடை லாசர் தன் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிக்கொண்டு வந்து முன்னும் பின்னும் பிடித்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு எழுத்து சிதறாமல், ஒரு கோடு தடிக்காமல், முழு வட்டமாக இருந்தது கொடி இறக்கிய நாள். தண்ணீருக்கு அது கரையவில்லை. தொபியாஸ் கண்ணாடியைப் பார்த்து, “உலகத்துலயே ஒண்ணு, உலகத்துலயே ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே நின்றார், அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் தங்கபுஷ்பம் பதிவேட்டோடு வந்து சேர்கிற வரைக்கும் இருந்தது.

“அண்ணாச்சி, நீங்க இப்ப தபால்ல இருக்கிய.”

கூட்டம் மொத்தமும் தெருவின் மேற்குக் கடைசியைப் பார்த்தது. தொபியாஸும் பார்த்தார், பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டாமலே வீட்டுக்கு ஓடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அங்கே போனால் முத்திரை மங்கிவிடும் அல்லவா? உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கிற கடைசி நாள் முத்திரையை ஒரு மனைவிக்காக இழப்பதா என்று ஜன்னல் வழியாக எங்களையே கேட்டார். வெட்கமில்லாத மனிதர் என்று திட்டிவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் ஜில்லாத் தலைநகரில் தபால் கண்காட்சி நடந்தது. தொபியாஸ் ஒன்பது ஆல்பங்களோடு பஸ் ஏறிப் போய், காட்சிப் பலகைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் சட்டையில்லாமல், ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி மூன்று நாள் உட்கார்ந்தார். பின்னால் ஆட்கள் வியந்ததை அவர் காதால் கேட்டதோடு சரி. மூன்றாம் நாள் நடுவர் வந்தார். வயசாளி, கறார் பேர்வழி. லென்ஸை முதுகில் வைத்து நெடுநேரம் பார்த்தார், விரலால் தட்டினார், அக்குள் இரண்டையும் தூக்கிப் பார்த்தார், பிறகு மதிப்பெண் தாளில் எழுதினார்: முத்திரை அபாரம், ஆனால் இது அஞ்சலில் பயணம் செய்து உரியவரிடம் சேர்ந்ததற்கு அடையாளம் இல்லை. சும்மா கேட்டு வாங்கிக் குத்திக்கொண்ட முத்திரை. பரிசுக்குத் தகுதியில்லை.

இந்த உலகத்தில் தொபியாஸ் மொத்தாவை ஒரு சொல் அடிக்குமென்றால் அது இந்தச் சொல்தான், ஏனென்றால் மற்றவர்களின் உறைகளைப் பார்த்து அவரே வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சொல்லி வந்தார். சேர வேண்டிய இடத்தில் சேராத உறை, உறையே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தபாலாபீசுக்குப் போனார்.

“என்னையக் கொண்டுபோய்க் குடுத்துருங்க” என்றார். “குடுத்தும் மங்கலைன்னா எனக்கு ரெண்டும் ஆச்சு.”

அவருடைய எண்ணம் அதுதான். தன்னைப் பெற வேண்டியவள் செலஸ்தீனாளாக இருக்கக் கூடாது, ஆனால் அவள் கையெழுத்து மட்டும் வேண்டும். இந்த மாதிரி ஒரு பிரார்த்தனையோடு எந்தப் புருஷனும் மனைவி வீட்டுக்குப் போயிருக்கமாட்டான்.

தங்கபுஷ்பம் முதலில் எடை போட்டாக வேண்டும் என்றார். உப்புக் கம்பெனித் தராசில், அவரே முப்பது வருஷம் மூட்டை நிறுத்த தராசில், அவரை ஏற்றினார்கள். எழுபத்தொரு கிலோ. பார்சலாகப் போக முடியாது, அவ்வளவு எடைக்கு விதியில்லை. தானாக நடக்கிறதால் கடிதமாகப் போகலாம் என்று முடிவாயிற்று. நயினார் முன்னால் நடக்க, தொபியாஸ் வெற்று முதுகோடு பின்னால் நடக்க, வெயிலில் முத்திரைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று லாசர் குடை பிடிக்க, ஊரே தெருவில் போயிற்று.

செலஸ்தீனாள் வாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. நயினார் ஒப்புகைச் சீட்டை நீட்டினார்.

“யக்கா, உங்களுக்கு ஒண்ணு வந்திருக்கு.”

“வாங்கலைன்னா என்ன செய்வீரு?”

“மறுத்தாச்சுன்னு எழுதி, அனுப்புனவங்களுக்கே திருப்பிரணும்.”

“அனுப்புனது யாரு?”

நயினார் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார், தங்கபுஷ்பம் கடலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கடலில் கப்பல் எதுவும் இல்லை. திருப்புவதென்றால் மனிதரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தங்கபுஷ்பம் விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியபோது தொபியாஸ் நயினாரின் தோளைப் பிடித்துக்கொண்டதை நான் கண்டேன். முத்திரையைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தவருக்கு, வேண்டாம் என்று அவள் சொல்லிவிடலாம் என்பதே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவள் மீதி மீனைக் கழுவி முடித்தாள். கையைத் துடைத்தாள்.

“அவன் காயிதம் உங்க அலமாரியில எத்தன நாள் பிரிக்காமக் கிடந்துச்சு?”

சேகரிப்பாளனுக்கு நாள் மறக்குமா? “இருபத்தாறு நாள்” என்றார் தொபியாஸ் உடனே.

“அப்ப நானும் பிரிக்காமத்தான் வைப்பேன்” என்று சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். “உள்ள போய் உக்காருங்க.”

முத்திரை மங்கவில்லை. அவர் நடையேறி உள்ளே போனபோது எங்கள் எல்லோர் கண்ணுக்கும் அது அப்படியே தெரிந்தது. சேர்ந்தது என்று எழுதத் திறந்த பேனாவைத் தங்கபுஷ்பம் மூடிக்கொண்டார். “குடுத்தாச்சு, ஆனா சேரலை” என்றார்.

அப்படி ஒரு இருபத்தாறு நாளை எங்கள் தெரு கண்டதில்லை. அவள் அவரை முன்னறையில் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். வேளைக்குச் சோறு போட்டாள், பாய் கொடுத்தாள், வாரம் ஒருமுறை தூசி தட்டினாள். அவர் வாயைத் திறந்தால் மட்டும் கையைத் தூக்கி, “உறை பேசாது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நயினார் தினமும் தபால் கொடுக்கிற வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்து, இருக்கு, இருக்கு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு போவார். மேலாபீசிலிருந்து, சங்குமுனையில் ஒரு கடிதம் பட்டுவாடா ஆகாமல் நிலுவையில் இருப்பது ஏன் என்று கேட்டு இரண்டு தாக்கீது வந்தது, தங்கபுஷ்பம் இரண்டுக்கும், பெற்றவர் இன்னும் பிரிக்கவில்லை என்று பதில் எழுதினார்.

முதல் பத்து நாள் தொபியாஸ் ஜெயித்த மாதிரிதான் இருந்தார். கையெழுத்தும் ஆயிற்று, முத்திரையும் இருக்கிறது, இப்போது எந்த நடுவன் என்ன சொல்ல முடியும்? லாசரிடம் இரவல் வாங்கிய இரண்டு கண்ணாடிகளில் காலையும் மாலையும் முதுகைப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் பார்ப்பது ஒரு வேளையாயிற்று. அப்புறம் அவற்றைச் சுவரில் திருப்பி வைத்துவிட்டார். பதினெட்டாம் நாள் அவர் சோற்றைப் பிசைந்தபடி வெறும் வாயை அசைத்துக்கொண்டிருந்ததை நயினார் பார்த்தார். இருபதாம் நாள் கண்ணில் நீர் வழிய வழியக் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவள் அந்தப் பக்கமே பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தும், பக்கத்திலேயே ஆள் நடமாடியும், யாரும் தன்னைப் பிரிக்காமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்கு அப்போது தெரிந்துவிட்டது. எங்களுக்கே பாவமாக இருந்தது. மிக்கேல் போய், “போதும் தாயி, விட்டுரு” என்று கேட்டுப் பார்த்தார். “இன்னும் ஆறு நாள் இருக்கு” என்றாள் அவள்.

இருபத்தேழாம் நாள் காலையில், இன்றைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததால், எங்களில் பாதிப்பேருக்கு அந்தத் தெருவில் ஏதாவது வேலை இருந்தது. தங்கபுஷ்பமே பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நயினார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செலஸ்தீனாள் அடுப்படியிலிருந்து வந்து முக்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“ம். சொல்லுங்க.”

அவர் இருபத்தாறு நாளாக எதையெதையோ சேர்த்து வைத்திருந்திருப்பார். மன்னிப்புக் கேட்பார் என்று நாங்கள் நினைத்தோம், முத்திரை இருக்கிறதா என்று கேட்பார் என்று லாசர் பந்தயமே கட்டியிருந்தார்.

“இன்னாசி என்ன எழுதியிருந்தான்?” என்று கேட்டார் தொபியாஸ்.

ஜன்னலில் நின்ற நயினார் தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதுகு வெறும் முதுகாக இருந்தது. தங்கபுஷ்பம் சத்தமில்லாமல் பேனாவைத் திறந்து எழுதினார். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் அது தெரியாது. அவள் எழுந்துபோய்க் கடிதத்தை எடுத்து வரவில்லை, மனப்பாடமாக, செபம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“யக்கா, வயித்து வலி தாங்கலை. அறுக்கணும்னு சொல்லுதாங்க. தனியா இருக்க பயமா இருக்கு. அத்தான் ரயில் செலவுக்கு யோசிப்பாரு. அதனால அவருகிட்ட இப்படிச் சொல்லு. கப்பலோட கடைசி நாள் முத்திர வேணும்னா ஆளு நேர்ல வந்து பேர் குடுத்தாத்தான் உண்டுன்னு சொல்லு. அது பொய்தான். ஆனா அதச் சொன்னா கண்டிப்பா கிளம்பிருவாரு, அப்ப நீயும் கூட வந்துரலாம்.”

தொபியாஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். “வேற?” என்றார்.

“வேற ஒண்ணும் இல்ல.”

“வேற என்னமும் எழுதியிருப்பானே?”

“எப்படி எழுதுவான்?” என்றாள் செலஸ்தீனாள். “ஒரு பக்கத்துக்கு மேல எழுதுனா உறை புடைச்சிரும், முத்திர சரியா விழாதுன்னு நீங்கதான அவனுக்குச் சொல்லி வச்சிருந்திய.”

தொபியாஸ் மொத்தா வாய்விட்டு அழுத சத்தம் தபாலாபீஸ் வரைக்கும் கேட்டது.